கட்டத்துக்குக் கீழே ஒரு சாண்

வெளிச்சம் அந்த விரல் வரைக்கும் போகவில்லையே.

எக்ஸ்ரே எடுக்க நின்றவள் மனசுக்குள் இப்படித்தான் நினைத்தாள். எக்ஸ்ரே மேசையில் படுத்திருந்தவரின் இடுப்பின் மேல், மெஷினிலிருந்து விழுந்த மஞ்சள் வெளிச்சக் கட்டம் விளிம்பு பிசகாமல் கிடந்தது. நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு நிழல். கட்டத்துக்குள் இருப்பது படத்தில் வரும், வெளியே இருப்பது வராது. பன்னிரண்டு வருஷமாக அவள் செய்துவரும் வேலை இதுதான், ஒரு கட்டத்தைச் சரியான இடத்தில் போடுவது. கட்டத்தின் கீழ் விளிம்பு தொடை தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் முடிந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, தொடையின் நடுவில், படுத்திருந்தவர் தன் ஆட்காட்டி விரலை அழுத்தி ஊன்றியிருந்தார்.

“இங்கம்மா. நான் இங்கன்னு சொல்றேன். நீ எப்பவும் லைட்டை அங்கதான் போடுற.”

எப்பவும். அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. ஒரு வருஷத்தில் இது நாலாவது தடவை. படுத்திருந்தவர் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த டீச்சர். அறுபது வயதுக்கு நம்ப முடியாத தோள்கள். இரண்டு வருஷம் முன்பு வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். மேலே ஒரு கிண்ணம், அதில் ஒரு பந்து, பந்திலிருந்து தொடை எலும்புக்குள் கத்தியை உறையில் செருகினாற்போல இறங்கும் ஒரு தண்டு. முதல் வருஷம் வலியே இல்லாமல் ஓடியாடித் திரிந்தாராம். இரண்டாவது வருஷம்தான் வலி. டாக்டரிடம் போய் “தொடை வலிக்குது” என்பார். எலும்பு டாக்டர் சீட்டில் எழுதுவார்: இடுப்பு வலி, மாற்று மூட்டு, வழக்கம்போல் படம். மூட்டு வைத்தது இடுப்பில். ஆகவே வலியும் இடுப்பில்தான். நோயாளிகளுக்குத் தங்கள் உடம்பின் பாகங்களைச் சரியாகப் பெயர் சொல்லத் தெரியாது என்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சீட்டு அவளிடம் வரும். அவள் வழக்கம்போல் படம் எடுப்பாள். ரிப்போர்ட்டில் ‘மாற்று மூட்டு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, கோளாறு ஏதும் தெரியவில்லை’ என்று வரும். நாலு மாதம் கழித்து டீச்சர் மறுபடியும் வருவார். “தொடை வலிக்குது.”

“அக்காவுக்குத் தொடையும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல,” என்றது கதவோரத்துக் குரல். டீச்சரின் தங்கை. ஒவ்வொரு தடவையும் கூடவே வருவார், ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வார். “வேலையை விட்டு வீட்ல உக்காந்தா எல்லாருக்கும் எங்கயாவது வலிக்கும். எனக்கு இவளாலதான் தலை வலிக்குது. அதுக்கு ஒரு படம் எடுப்பீங்களாம்மா?”

“உன் தலைய எடுத்தா படத்துல ஒண்ணும் வராதுடி,” என்றார் டீச்சர், விரலை எடுக்காமலே.

மற்ற நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் பார்வை அந்த விரலுக்கும் வெளிச்சத்தின் விளிம்புக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடத்திலேயே நின்றுவிட்டது. பூப்போட்ட ஆஸ்பத்திரித் துணி மூடிய வெறும் தொடை. அதற்குள் என்ன இருக்கிறது? எலும்பு இருக்கிறது. எலும்புக்குள்? தண்டு அங்கே வரை போகுமே. எங்கே முடிகிறது அது? மூன்று படம் எடுத்தவள், அந்தத் தண்டின் நுனியைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று மனசுக்குள் துழாவினாள். பந்து ஞாபகம் இருந்தது. கிண்ணத்தை இறுக்கிய இரண்டு திருகாணிகள்கூட ஞாபகம் இருந்தன. நுனி ஞாபகத்தில் இல்லை. பரீட்சைக்குப் படித்த வரி ஒன்று எங்கிருந்தோ எழுந்து வந்தது: மாற்று மூட்டு உள்ளவர்களுக்குக் கட்டத்தைக் கீழே இறக்க வேண்டும், உள்ளே வைத்த பொருள் முழுசும் படத்தில் வர வேண்டும். இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள்.

கை தானாகப் போய் மெஷினின் பிடியைப் பற்றியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயமில்லை. சின்ன வயசில் கண்ணாமூச்சி ஆடும்போது, திரைக்குக் கீழே யாருடைய கால்விரலோ தெரிந்த கணத்தில் வருமே, அது.

“அம்மா, இன்னிக்குக் கொஞ்சம் கீழ எடுக்கறேன்.”

டீச்சர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. “எடு,” என்றார். சொல்வதற்கு முன்பே இரண்டு கால்களையும் நேராக நீட்டி, பெருவிரல்கள் இரண்டும் முட்டும்படி பாதங்களை உள்பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லோருக்கும் மூன்று தடவை சொல்லி, கடைசியில் கையால் திருப்பி, மணல் மூட்டை வைத்து நிறுத்த வேண்டிய நிலை அது. இவர் முதல் நாளே கற்றுக்கொண்டுவிட்டார். இவரைப் போல் அசையாமல் படுப்பவர்கள் மாதத்துக்கு ஒருவர் வந்தால் பெரிசு.

அவள் மேசைக்கு அடியில் படம் பதியும் தட்டை நீளவாக்கில் திருப்பிப் போட்டாள். மெஷினைக் கீழே இழுத்தாள். வெளிச்சக் கட்டம் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி, விரலைத் தாண்டி, முழங்காலுக்குச் சற்று மேலே போய் நின்றது. தன்னுடைய ஈய எழுத்தைத் துணியின் மேல் ஓரமாக வைத்தாள். வலது பக்கம் என்று காட்டும் எழுத்து; அதோடு சேர்ந்து ஏழு என்ற எண். இந்தத் துறையில் ஏழு என்றால் அவள். பிறகு தங்கையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

“அசையாதீங்க.”

“நான் எப்பம்மா அசைஞ்சேன்?”

பித்தானை அழுத்தினாள். டக். படம் திரையில் வர நாலு நொடி ஆகும். அந்த நாலு நொடியில் காபி மிச்சத்தைக் குடிப்பது, அடுத்த சீட்டைப் பார்ப்பது என்று எத்தனையோ செய்வாள். இன்றைக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வந்தது. மேலே பந்து, கிண்ணம், தண்டு, எல்லாம் வெள்ளை வெளேரென்று, எப்போதும்போல் அழகாக. தண்டின் மேல்பாதி எலும்போடு ஒட்டிக் கெட்டியாக நின்றது. கண்ணைக் கீழே இறக்கினாள். பாதிக்குக் கீழே, தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஒரு கறுப்புக் கோடு தொடங்கியது. இறங்க இறங்க அகன்றது. நுனிக்கு வரும்போது கோடு என்று சொல்ல முடியாது, இடைவெளி. நுனி எலும்பின் வெளிச்சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தது. முட்டிய இடத்தில் எலும்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடித்துப் புடைத்திருந்தது, செருப்புக் கடித்த இடத்தில் காய்த்துப்போவதுபோல. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேலே பிடி இருக்கிறது, கீழே பிடி விட்டுவிட்டது. அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த நுனி, கார்க் கண்ணாடியில் மழை துடைக்கும் கம்பி மாதிரி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரு வருஷமாக.

“மாட்டிக்கிட்டியா,” என்றாள் திரையைப் பார்த்து, சத்தமாக.

சிரிப்பு வந்தது. முகமெல்லாம் சூடாகியது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும், உடனே காட்ட வேண்டும், தாழ்வாரத்தில் போகிற தள்ளுவண்டிக்காரரைக்கூட இழுத்து வந்து ‘இங்கே பாருங்க, இந்தக் கறுப்பைப் பாருங்க’ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இன்னொருத்தர் எலும்புக்குள் இரும்பு ஆடுகிறது, அதற்கு இத்தனை குதூகலமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். கேட்டும் குறையவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் எடுத்த படங்களை எல்லாம் வேறு யாரோதான் படித்தார்கள். சீட்டில் எழுதியதை எடுத்தாள், எடுத்ததை அனுப்பினாள். இது ஒன்றுதான் சீட்டில் இல்லாதது. இது அவள் பார்த்தது.

அந்த வேகத்திலேயே பழைய படங்களைத் திறந்தாள். மூன்றையும் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் கட்டம் ஒரே இடத்தில், அச்சடித்தாற்போல். மூன்றிலும் தண்டு படத்தின் கீழ் விளிம்பில் பாதியிலேயே வெட்டுப்பட்டிருந்தது. மூன்றிலும் ஓரத்தில் ஏழு.

சிரிப்பு நின்றது, ஆனால் நெஞ்சின் படபடப்பு நிற்கவில்லை. தேவையில்லாத இடத்துக்குக் கதிர் போகக் கூடாது என்பதால் கட்டத்தைச் சின்னதாக, கச்சிதமாக வைப்பது நல்ல பழக்கம். அவளுக்கு அதில் பெருமை உண்டு. ‘உன் படம் மாதிரி சுத்தமா யாரும் எடுக்கறதில்ல’ என்று படம் படிக்கும் டாக்டரே சொல்லியிருக்கிறார். அந்தச் சுத்தம்தான் இது. வலியை மட்டும் ஒரு சாண் வெளியே விட்டுவிட்டு எடுத்த சுத்தம். கோளாறு ஏதும் தெரியவில்லை என்று எழுதியிருந்தது பொய்யில்லை, எப்படித் தெரியும்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. டீச்சர் இரண்டாவது முறை வந்த அன்று, பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “தொடையம்மா வந்தாச்சு” என்று உள்ளே குரல் கொடுத்தவள் அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எலும்பு டாக்டர் வரைக்கும் போயிருந்தது. ஒரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் சரியான நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கேலிப் பெயர் ஒன்றுதான். கூப்பிட்ட ஒருவர் காதிலும் அது விழவில்லை.

மேசையிலிருந்து இறங்குவதற்குக் கை கொடுக்கப் போனாள். படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முகத்தையே பார்த்தார். “இருக்குல்ல?”

“டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்கம்மா.”

“டாக்டர் சொல்லட்டும். உன் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கே.” கையை விடவில்லை. “இருக்குல்ல?”

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. டீச்சர் மேசையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். உலோகத் தட்டு அதிர்ந்தது. “அடியே! உள்ள வா!” தங்கை என்னமோ ஏதோவென்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். “இருக்காம்! என் தொடையில இருக்காம்! பொழுது போகலன்னு சொன்னியே, பாத்துக்க!”

தங்கை அக்காவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “நிஜமாவா?” என்றார் மெல்ல. பிறகு, கண் கலங்கியதை மறைக்க முடியாமல், “எலும்புல கோளாறுன்னதும் லாட்டரி விழுந்தாப்ல குதிக்கிற ஒருத்திய இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று அக்காவின் செருப்பைக் குனிந்து தேடினார். எதிரே இருந்த செருப்பை ரொம்ப நேரம் தேடினார்.

“உனக்குத் தெரியுமா,” என்றார் டீச்சர் அவளிடம், குரலைத் தாழ்த்தி. “ராத்திரி படுத்துக்கிட்டு நானே என்னைக் கேட்டுப்பேன். ஒருவேளை நிஜமாவே வலிக்கலையோ, நானாத்தான் நினைச்சுக்கறனோன்னு. ஒரு வருஷமா அந்தக் கேள்விதான் வலியவிடப் பெரிசா இருந்துது.” செருப்பை மாட்டிக்கொண்டார். “அப்புறம் ஒண்ணு. தொடையம்மா வந்தாச்சுன்னு நீங்க உள்ள கத்துறது வெளிய நல்லாக் கேக்கும்.”

அவளுக்கு முகம் எரிந்தது. “நான்தாம்மா அந்தப் பேர் வெச்சேன்.”

“தெரியும். உன் குரல்தான்.” சிரித்தார். “இன்னிக்கு நீதானே கீழ பாத்த? போ, போய்க் காட்டு. ஓடு.”

அவள் நிஜமாகவே ஓடினாள்.

படம் படிக்கும் டாக்டரின் அறையில் பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். மூன்று திரைகள், அவற்றின் முன்னால் நெற்றிக்கு மேல் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடியோடு டாக்டரம்மா. அடுத்த மாதம் திறக்கப்போகும் எம்.ஆர்.ஐ. அறைக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர்தான். அவள் பெயரைத்தான் எழுதப்போவதாகப் போன வாரம் சொல்லியிருந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, உட்காராமலே, “தொடைய… நீச்சல் டீச்சர் படம், இப்ப எடுத்தது, அதைத் திறங்க டாக்டர்” என்றாள்.

டாக்டர் திறந்தார். கண் பந்தில் நின்றது, தண்டில் இறங்கியது, நுனிக்கு வந்தது. நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

“அடிப்பாவி! எங்க புடிச்ச இத?”

“அவங்க விரலை வெச்சுக் காட்டினாங்க டாக்டர். லைட் அங்க போகல. அதான் இறக்கி எடுத்தேன்.”

“பாரு, பாரு, எப்படி ஆடியிருக்கு பாரு. இந்த எலும்பு தடிச்சிருக்கு பாத்தியா? படிக்கிற புள்ளைங்களுக்குப் பாடமே நடத்தலாம்.” டாக்டர் பெரிசாக்கினார், சின்னதாக்கினார், அளவு வைத்தார். அவள் அவர் தோளுக்கு மேலே குனிந்து, இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று திரையில் விரல் வைத்துக் காட்டினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அந்த இரண்டு நிமிஷம், தான் டெக்னீஷியன், அவர் டாக்டர் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“பழைய படத்தோட வெச்சுப் பாப்போம், எவ்ளோ நாளா இப்படின்னு,” என்று டாக்டர் மூன்று படங்களையும் திறந்தார்.

பார்த்தார். மேல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கீழ்க் கண்ணாடியையும் கழற்றினார். மூன்று ரிப்போர்ட்டுகளின் கீழேயும் அவர் கையெழுத்து இருந்தது. நுனி படத்தில் வரவில்லை, மறுபடியும் எடுக்கவும் என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் போன வருஷமே தெரிந்திருக்கும். அதை அவரும் நினைக்கிறார் என்பது அவள் நிற்கும் இடத்திலிருந்தே தெரிந்தது.

“உக்காரு,” என்றார். உட்கார்ந்தாள். டாக்டர் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார். “ஒவ்வொரு படத்துக்கும் கீழ டெக்னீஷியன் குறிப்புன்னு ஒரு பெட்டி இருக்கில்ல? அது எடுத்தவங்க பேர்லதான் திறக்கும். திறந்து மூணுத்துக்கும் ஒரு வரி போட்டுடு. நோயாளி காலை முழுசா நீட்டல, நுனி வரைக்கும் எடுக்க முடியல. அவ்ளோதான்.”

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது, ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் இருந்தது.

“இன்னிக்கு ரிப்போர்ட் நான் அருமையா எழுதறேன்,” என்றார் டாக்டர். “நீதான் கண்டுபிடிச்சன்னு எலும்பு டாக்டர்கிட்ட என் வாயால சொல்றேன். அவங்களுக்கு நாளைக்கே ஆபரேஷனுக்கு ஏற்பாடு ஆகும். அந்தக் குறிப்ப அவங்க படிக்கவே போறதில்ல. யாருக்கு என்ன போச்சு, சொல்லு? என் ஒருத்திக்காகச் சொல்லலம்மா. ஓரத்துல ஏழுன்னு இருக்கே, அது யாரு?”

குரல் கெட்ட குரல் இல்லை. பயந்த குரல்தான். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு வரி. மூன்று தடவை ஒட்டினால் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றைய நாள் முழுசும் சந்தோஷமாக இருக்கலாம். அந்தக் கறுப்புக் கோட்டை அவள் பார்த்தாள் என்பது மட்டும் மிஞ்சும். எம்.ஆர்.ஐ. அறையின் புதுச் சுவர்கூட மனசில் வந்து போனது. ஆனால் அந்த வரி படத்தோடு போகும். எந்த ஊருக்கு எந்த டாக்டரிடம் அவர் போனாலும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அது போய் நிற்கும்: சொன்னபடி காலை நீட்டாத அம்மாள். அதைப் படித்தவர் அவர் சொல்வதில் பாதியைத்தான் கேட்பார். வாயால் வைத்த பெயர் ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டது. இது எழுத்தில் வைக்கும் பெயர்.

“நல்லாத்தான் நீட்டினாங்க டாக்டர்,” என்றாள்.

“தெரியும்மா. நீட்டலன்னா நான் ஏன் எழுதச் சொல்லப்போறேன்?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது டாக்டருக்கே கேட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, வரவில்லை. டாக்டர் கை நீட்டி, அவள் பெயருக்குரிய பெட்டியைத் தானே சொடுக்கினார். திரை கடவுச்சொல் கேட்டது. டாக்டர் பார்வையை மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, படம் வந்த நொடியில் அடித்த அதே அடி. பயந்துபோய் அந்த வரியைத் தட்டினால் இந்தத் துடிப்பு நின்றுபோகும் என்று தோன்றியது. அவள் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். பரீட்சை முடிந்தும் எழுந்து போக அனுமதி கிடைக்காத சிறுமி மாதிரி, உள்ளங்கைகளை நாற்காலியின் மேல் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் காத்திருந்தார். கடவுச்சொல் கேட்ட வெற்றுப் பெட்டியில் ஒரு சின்னக் கோடு மின்னி, மறைந்து, மின்னிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் மெல்ல மரத்துப்போகத் தொடங்கின; அவள் கைகளை எடுக்கவில்லை.